ஆள் வருது

பஸ் நிற்பதற்கு முன்பே அவள் ஜன்னல் பக்கமாக ஓடுவாள். தோளில் கிடக்கும் பச்சைக் கட்டம் போட்ட துண்டு கம்பிகளுக்கு நடுவே உள்ளே போய் ஒரு சீட்டில் விழும். வாசலில் முண்டியடித்து ஏறியவர் அந்தத் துண்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "யார்து இது?" என்று கேட்பார். கீழே இருந்தே பதில் வரும். "ஆள் வருது."

வேலூர் பஸ் ஸ்டாண்டில் இப்படி இடம் பிடிக்காதவர் யார்? கர்சீப் போடுவார்கள், தண்ணீர் பாட்டில் போடுவார்கள். ஒருமுறை ஒருவர் தன் மாமியாரின் வெற்றிலைப் பையையே வீசியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லாரும் தனக்குப் பிடிப்பார்கள், மிஞ்சிப்போனால் தன் வீட்டுக்கு. இவள் பிடித்த இடத்தில் இவளே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பின்னால் மெதுவாக வரும் ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரியோ, எக்ஸ்ரே கவரோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் ஒரு பெரியவரோ அங்கே உட்காருவார்கள். இவள் காட்பாடிவரை கம்பியில் தொங்கிக்கொண்டு வருவாள். கேட்டால், "நமக்கு இன்னா, கால் இருக்குது" என்பாள்.

அவள் பேரை இங்கே எழுதக் கூடாது என்று கட்டளை. "பேரப் போட்டா பூ வெல ஏறிடுமா இன்னா?" என்று கேட்டாள். சரி, போடவில்லை. பேர் இல்லாவிட்டாலும் எங்கள் காலேஜ் ஹாஸ்டலில் எங்களோடு இருந்த எவளும் இரண்டு வரியில் கண்டுபிடித்துவிடுவாள்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் இடம் பிடிக்கிற ரகம் இல்லை. கூட்டத்தைப் பார்த்தால் அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று ஓரமாக நிற்பேன். அடுத்ததிலும் இடம் இருக்காது. இதற்குப் பொறுமை என்று பேர் வைத்துக்கொண்டிருந்தேன். அது பொறுமை இல்லை, சோம்பல் என்று முதலில் சொன்னவள் அவள்தான். அதுவும் என்னைப் பார்த்த முதல் நாளே.

அந்த முதல் நாள் வந்ததே ஒரு கூத்து. வேலூரில் எங்கள் காலேஜில் வசதி இல்லாத வீட்டுப் பெண்களுக்காக ஓர் அறக்கட்டளை உதவி இருந்தது. முதல் வருஷம் மட்டும் ஹாஸ்டலில் காசு கட்டாமல் தங்கலாம், சாப்பிடலாம். ஒரு வருஷம் காலை ஊன்றிவிட்டால் அப்புறம் பெண் ஊர் திரும்ப மாட்டாள் என்று நினைத்தார்களோ என்னவோ. இடம் கம்மி, கேட்டவர்கள் ஜாஸ்தி. குறித்த நாள் சாயங்காலத்துக்குள் வந்து சேராவிட்டால் அந்தக் கட்டில் காத்திருக்கிற அடுத்த பெண்ணுக்குப் போய்விடும்.

எனக்குக் கட்டில் கிடைத்துவிட்டது. கிடைத்தது எனக்குத் தெரியாது.

அம்மா ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தாள். உள்ளே போனால் போனை கேட் பெட்டியில் போட்டுவிட வேண்டும், ஷிஃப்ட் முடிந்தால்தான் கைக்கு வரும். நான் எழுதிக் கொடுத்திருந்தது அம்மா நம்பர். ஹாஸ்டலிலிருந்து பகலெல்லாம் கூப்பிட்டிருக்கிறார்கள். சாயங்காலம் கேட்டைத் தாண்டியதும் அம்மா பார்த்தது, தெரியாத நம்பரிலிருந்து வந்த மிஸ்டு கால்களை. எங்கள் தெருவில் தெரியாத நம்பர் என்றால் ஒரே அர்த்தம்தான், மகளிர் குழு லோன் வசூலிக்கிறவர்கள். அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டாள். செய்துவிட்டு, "இன்னிக்கு நிம்மதியா சோறு துண்ணலாம்" என்றும் சொன்னாள்.

கூப்பிடவில்லையே, கிடைக்கவில்லை போல என்று நானும் விட்டுவிட்டேன். என் வழக்கம் அது. ஆம்பூரிலிருந்து வேலூர் ஒன்றும் தூரமில்லை. எங்கள் ஊரிலிருந்து ஆம்பூர்தான் தூரம். காலேஜ் விட்டு வந்தால் ஊருக்குள் போகிற கடைசி பஸ் போயிருக்கும். அதனால் ஹாஸ்டல் இல்லை என்றால் காலேஜும் இல்லை. திங்கட்கிழமை அம்மாவோடு கம்பெனிக்குப் போய்ப் பேர் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்து, அம்மாவின் பழைய ஏப்ரனைத் துவைத்துக் காயப் போட்டிருந்தேன்.

அங்கே ஹாஸ்டலில், அறைக் கதவில் ஒட்டியிருந்த பேர்களில் என் பேரைப் பார்த்திருக்கிறாள் இவள். எதிர்க் கட்டில் காலியாக இருந்தது. காலி இடத்தைப் பார்த்தால் இவளுக்குக் கை சும்மா இருக்காது. துண்டை எடுத்து அந்தக் கட்டிலில் போட்டுவிட்டாள்.

மற்றதெல்லாம் ஜெனிஃபர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜெனிஃபர் பேரணாம்பட்டுக்காரி, காத்திருந்த அடுத்த பெண். கடைசி நாள் காலையிலேயே பையும் பக்கெட்டுமாக அப்பாவோடு வந்து வராண்டாவில் நின்றவள். "எனக்கு வர வேண்டிய கட்டில்டி அது" என்று ஆரம்பித்துத்தான் இந்தக் கதையை இன்றைக்கும் சொல்வாள்.

வார்டன் மேடம் கட்டிலில் கிடந்த துண்டைப் பார்த்துவிட்டு, "இது யாருக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

"ஆள் வருது மேடம்."

"போனே எடுக்கலியேம்மா. உனக்குத் தெரிஞ்ச பொண்ணா?"

"எங்க ஆளுதான் மேடம்."

"அது ஆம்பூர் பக்கம். நீ சோளிங்கர். எப்படி உங்க ஆளு?"

"பஸ்ல ஊரக் கேட்டா எடம் புடிக்கிறோம் மேடம்?"

வார்டன் மேடம் சட்டம் பேசுவார், ஆனால் கெட்டவர் இல்லை. சாயங்காலம்வரை பார்க்கலாம், அதற்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டார்.

அதற்கு முந்தைய நாளே இவள் தன் வேலையைச் செய்திருந்தாள். என் விண்ணப்பத்தில் இருந்த அம்மா நம்பரையும், ஷூ கம்பெனி வேலை என்பதையும் ஆபீஸில் கேட்டு வைத்துக்கொண்டாள். பக்கத்து அறையில் ஒரு வாணியம்பாடிப் பெண். அவள் அம்மாவும் ஷூ கம்பெனி. ஷிஃப்ட் விட்டால்தான் போன் கைக்கு வரும் என்று அவளிடம் தெரிந்துகொண்டு, அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் போனை வாங்கிக் கூப்பிட்டாள். இந்தப் பக்கம் நான் அடுப்படியில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்த அம்மா போனை எடுத்தாள். எடுத்ததும், "வெள்ளிக்கெழம கட்டிட்றோம்னு சொல்லியாச்சுல்ல" என்று வைத்துவிட்டாள். மறுபடியும் அடித்தது.

"லோன் இல்லம்மா, வெச்சுடாதீங்க. நான் உங்க பொண்ணு ரூம்ல இருக்குறவ."

"எம்பொண்ணு ரூம்லயா? எம்பொண்ணு இதோ மாவு பெசஞ்சினு இருக்குறா."

"அதாம்மா தப்பு. அவ இங்க இருக்கணும். காலேஜ் ஹாஸ்டல்ல எடம் கெடச்சிருக்குது. நான் துண்டு போட்டு வெச்சிருக்கேன். நாளைக்கு சாய்ங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க."

அம்மா போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "யாரோ உனக்குத் துண்டு போட்டு வெச்சிக்கிறாங்களாம்டி" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு மாவுக் கையோடு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. கேட்டில் ஒல்லியாக, கறுப்பாக ஒரு பெண் நின்றிருந்தாள். "நந்தினியா?" என்றாள். ஆமாம் என்றேன். "இன்னா லேட்டு, ஏறு" என்றாள், பஸ் படியில் ஏற்றுவது மாதிரி. அறைக்குக் கூட்டிப் போய்க் கட்டிலிலிருந்து துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "உக்காரு" என்றாள். கூப்பிடவில்லை என்பதால் சும்மா இருந்துவிட்டேன் என்று நான் ஏதோ சொல்லப்போக, சோம்பல் என்று அவள் சொன்னது அப்போதுதான்.

முன்பின் தெரியாத எனக்காக ஏன் இவ்வளவு பேஜார் என்று கேட்டேன். "எடத்துல துண்டு போட்டா ஆள் வரணும். ஆள் வராத எடத்துக்குத் துண்டு போட்டா அது திருட்டு" என்றாள். எனக்காகச் செய்தாளா, துண்டுக்காகச் செய்தாளா என்று நான் அப்போது குழம்பியது உண்மை.

வராண்டாவில் ஜெனிஃபரும் அவள் அப்பாவும் இன்னும் நின்றிருந்தார்கள். தோல் கம்பெனியில் வேலை செய்கிற மனிதர், அரை நாள் லீவு போட்டு வந்தவர். பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். ஜெனிஃபர் என்னைப் பார்க்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவள்தான் விறுவிறுவென்று போய் ஜெனிஃபரின் பக்கெட்டை வாங்கிக்கொண்டாள்.

"எங்கடி போற? என் கட்டில்ல நவுந்து படுத்தா ரெண்டு பேருக்கு ஆவும்."

ஒரு கட்டிலுக்கு ஒரு ஆள், அதுதான் சட்டம் என்றார் வார்டன் மேடம்.

"மூணு பேர் சீட்டுல நாலு பேர் உக்கார்றது இல்லியா மேடம்? யாராவது எறங்குற வரைக்கும்தானே."

அப்படித்தான் நடந்தது. எப்போதும் யாராவது ஒருத்தி வீட்டு நினைப்பில் அழுது ஊருக்குப் போவாள் என்பது மேடத்துக்கும் தெரியும். அப்படி ஒரு கட்டில் காலியாகும்வரை அவர் கண்டும் காணாமலும் இருந்தார். அதுவரை ஜெனிஃபரும் இவளும் ஒரே கட்டிலில் தலைமாற்றிப் படுத்தார்கள். இவள் காலால் உதைப்பாள் என்று ஜெனிஃபர் புகார் சொல்லாத காலை இல்லை.

இந்தக் குணம் எல்லா நேரமும் இனிமையாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். குளியலறை வரிசையில் இவள் பக்கெட்டுக்குப் பின்னால் யார் யார் பக்கெட்டோ நிற்கும். சீனியர் பெண்கள் "ரிசர்வேஷன் கவுண்டர்" என்று பேர் வைத்தார்கள். ஒருத்தி கோபத்தில் பக்கெட்டை எட்டி உதைத்ததும் உண்டு. பரீட்சைக்கு முன்னால் லைப்ரரியில் ஒரு பெண்ணுக்காக நாற்காலி பிடித்தாள். அந்தப் பெண்ணோ காய்ச்சலில் படுத்துவிட்டாள். விட்டாளா? போர்வையோடு கைத்தாங்கலாகக் கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அவள் மேஜையில் தலையை வைத்துத் தூங்கினாள். இடம் வீணாகவில்லை என்று இவளுக்குத் திருப்தி. எனக்கு அன்றைக்கு இவளைப் பார்க்கவே கொஞ்சம் பயமாக இருந்தது.

இது எங்கிருந்து வந்தது என்பதை ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் தற்செயலாகச் சொன்னாள். அவள் அம்மா சோளிங்கர் மலையடிவாரத்தில் பூ விற்பவர். அம்மாவும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து வேலூர் மார்க்கெட்டுக்கு வந்து பூ வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். தலையில் பூக்கூடை. கூட்டத்தில் முண்டினால் பூ நசுங்கிவிடும், அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நின்றால் வாடிவிடும். பள்ளிக்கூடம் லீவு விட்டால் இவளும் கூட வருவாள். கூடையை மூடுகிற ஈரத்துண்டை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடி அத்தனை பேருக்கும் இடம் பிடிப்பது இவள் வேலை. "நான் ஓடலன்னா அன்னிக்கு யாவாரம் இல்ல" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை, பெருமைதான் இருந்தது.

வருஷம் முடிந்தது. உதவியும் முடிந்தது. புதுசாக வருகிற முதல் வருஷப் பெண்களுக்குக் கட்டிலை விட வேண்டும், இனி அவரவர் பாடு. வேலூரில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நாள் வாடகைக்கு விட்டால் நோயாளி வீட்டார் கொடுப்பார்கள், மாத வாடகைக்கு காலேஜ் பெண்களை யார் வைப்பார்கள்? இவள் தெருத்தெருவாக ஏறி இறங்கி, வேலூர் சைதாப்பேட்டையில் ஒரு மொட்டை மாடி அறையைப் பிடித்தாள். அவளும் நானும் ஜெனிஃபரும் டியூஷன், ஜெராக்ஸ் கடை என்று பகுதி நேர வேலைக்குச் சொல்லி வைத்தோம்.

அந்த அறையை முதலில் பார்த்த அன்று இவள் ஜன்னலோரமாகப் போனாள். தோளிலிருந்த துண்டை எடுத்து அந்த மூலையில் போட்டாள். "இது எனக்கு" என்றாள். நானும் ஜெனிஃபரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் தனக்கென்று துண்டு போட்டதை நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

லீவு முடிந்து நாங்கள் இரண்டு பேர் திரும்பினோம். அவள் வரவில்லை. போன் செய்தால் அந்தப் பக்கம் ஒரே சந்தடி.

"அம்மா மலப் படியில வழுக்கி வுழுந்துட்ச்சி. கால்ல கம்பி வெச்சிருக்காங்க. நான் வரலடி. என் துண்ட எடுத்துட்டு வேற ஆள சேத்துக்குங்க."

அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

சாதாரணமாக நான் சரி என்று விட்டிருப்பேன். இல்லை என்றால் இல்லை என்று ஒதுங்கி நின்றே வளர்ந்தவள். ஆனால் ஜன்னலோரம் அந்தப் பச்சைத் துண்டு கிடந்தது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் வந்த கோபம்தான். காய்ச்சல்காரியைக் கூட விடாதவள், தன் இடத்தை மட்டும் ஒரு போனில் விட்டுவிடுவாளா?

இரண்டாம் வருஷ வகுப்பில் சார் வருகைப் பதிவு எடுத்தார். அவள் நம்பர் வந்தது. இன்னொரு முறை கூப்பிட்டார். இப்படியே போனால் பேரை அடித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். எழுந்து நின்றேன்.

"ஆள் வருது சார்."

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டார். "எப்ப வருது?"

"ஞாயித்துக்கெழம போய்க் கூட்டினு வர்றோம் சார்" என்றாள் ஜெனிஃபர், பின்பெஞ்சிலிருந்து.

துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சோளிங்கர் போனோம். அப்போது ரோப் கார் வரவில்லை. மலையேறுகிற சனம் எல்லாம் அடிவாரத்துப் பூக்கடைகளைத் தாண்டித்தான் படிக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நடுவில் ஒரு சாக்கு விரித்து அவள் உட்கார்ந்திருந்தாள். துளசி மாலை கட்டிக்கொண்டிருந்தவள் எங்களைப் பார்த்ததும், "டீ சாப்பிட்டீங்களா?" என்றாள். பின்னால் நீலத் தார்ப்பாய் நிழலில், கட்டுப் போட்ட காலை ஒரு கூடைமேல் நீட்டியபடி அவள் அம்மா.

"அம்மாவ வீட்ல பாத்துக்க ஆள் இல்லியா?" என்றேன்.

"அம்மாவ சின்னம்மா பாத்துக்குது. அது இல்லடி வெசயம். இந்த எடம். ஒரு வாரம் காலியா கெடந்தா வேற எவனாவது கட போட்டுடுவான். அப்புறம் அம்மாவுக்குக் கால் வந்து இன்னா பண்றது? நான் எழுந்தா எடம் போய்டும்."

ஊருக்கெல்லாம் இடம் பிடித்தவள் இப்போது அம்மாவுக்கு இடம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். துண்டுக்குப் பதில் தன்னையே போட்டுவிட்டாள். இதற்கு நான் என்ன நியாயம் பேசுவது?

பேசியது பக்கத்துக் கடை அம்மாள். கற்பூரமும் தேங்காயும் விற்கிறவர், பெரிய உடம்பு, பெரிய குரல். இவளுக்குப் பெரிம்மா முறை.

"இன்னாடி பேசறே? எத்தினி வருசம் பஸ்ஸுல எங்களுக்கு எடம் புடிச்சே? நாங்க ஒரு கடைக்கு எடம் புடிக்க மாட்டோமா? மால இங்கியே மாட்டி வெக்கிறோம். வித்தா உங்கம்மா காசு."

"ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல பெரிம்மா."

"நானும் ஒரு நாள் ரெண்டு நாளா இந்த எடத்துல குந்தினு இருக்கேன்?"

தார்ப்பாய்க்குள்ளிருந்து அவள் அம்மா சொன்னார். "எழுந்து போடி. பூ கட்றதுக்குக் காலா வேணும்? கை இருக்குது."

அவள் அசையவில்லை. மாலையைக் கட்டிக்கொண்டே தலையை ஆட்டினாள். "ஆள் இல்லாத எடம் நிக்காது. எனக்குத் தெரியாதா?" என்றாள்.

அப்போதுதான் வேலூர் பஸ் திரும்பி வந்தது. கூட்டம் பாய்ந்தது. நான் என்ன நினைத்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஓடினேன். என் வாழ்க்கையில் பஸ்ஸுக்கு ஓடியது அதுதான் முதல் தடவை. பையிலிருந்து துண்டை உருவி ஜன்னல் வழியாக வீசினேன். பழக்கம் இல்லாத கை. அது சீட்டில் விழாமல் உள்ளே ஒருவர் தலைமேல் முக்காடு போட்ட மாதிரி விழுந்தது. அவர் அதை எடுத்துப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு என்னை முறைத்தார்.

"யாருக்கும்மா இது?"

"ஆள் வருது" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது, கடைக்காரர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

அவளும் எழுந்து நின்றாள். என் அழகான வீச்சைப் பார்க்கத்தான் எழுந்தாள் என்று நினைக்கிறேன். அவள் உட்கார்ந்திருந்த சாக்கு காலியானது.

"துண்டு போட்டாச்சுடி" என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது. "ஆள் வரலன்னா திருட்டு."

அவள் என்னைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள். அந்த நேரம் பலூன் கட்டிய கம்போடு ஒரு ஆள் வந்தான். காலியான சாக்கைப் பார்த்ததும் மூட்டையை இறக்கப் போனான்.

"இங்க யாரும் இல்லியா?"

பெரிம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தன் காலிக் கூடையை இழுத்து அந்தச் சாக்கின் நடுவில் கவிழ்த்து வைத்தார்.

"ஆள் வருது" என்றார்.

பலூன்காரன் மூட்டையோடு அந்தப் பக்கம் போய்விட்டான். அவள் அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் விடுகிறவள் இல்லை, அன்றைக்கு விட்டாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். ஜெனிஃபர் அவள் முழங்கையைப் பிடித்துப் படியில் தள்ளினாள்.

மாற்றுத்துணி இல்லை, செருப்பு ஒரு காலில்தான் மாட்டியிருந்தது. உள்ளே வந்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, நான் பிடித்த இடத்தில் உட்கார்ந்தாள். நானும் ஜெனிஃபரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தபடி நின்றோம். பஸ் அடிவாரத்தைத் தாண்டும்வரை அவள் ஜன்னல் வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம், "சார், கொஞ்சம் நவுந்துக்குங்க" என்றாள்.

என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னா பாத்துனு நிக்கிறே? எடம் இருக்குது, உக்காரு."